வெய்யோ கேட்காத கேள்வி

எங்கள் நூலகத்தில் வியாழக்கிழமை மதியம் கணினி உதவி மேசையில் உட்காரும் வெய்யோ ஹெய்க்குரினென் நல்ல மனிதன். யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அதோடு நிறுத்திக்கொள்வார்கள், ஏனென்றால் அதற்குமேல் அவனைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. எனக்குக் கொஞ்சம் தெரியும். நான் அதே நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் சினிக்கா. வெய்யோவும் நானும் ஒரே பள்ளிக்கூடம், அதனால்தான் அவன் இவன் என்கிறேன். என் அம்மா கரேலியாப் பகுதியிலிருந்து வந்தவள். கயானி நகரத்துக்குக் கிழக்கே இருக்கும் இந்த ஊர்க்காரர்கள் ஒரு வருஷம் முழுக்கப் பேசுவதைக் கரேலியாக்காரி காலைக் காப்பிக்குள் பேசி முடித்துவிடுவாள் என்று எங்களைக் கேலி செய்வார்கள். கேலி என்ன கேலி, உண்மைதான்.

வெய்யோ வேலை செய்த காலம் முழுவதும் மரக்கட்டை லாரி ஓட்டினான். காட்டிலிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து காட்டுக்கு. ஆலை வாசலில் எடைமேடை இருக்கும். அதில் ஏறி நின்றால் ஒரு கட்டை கூடுதலாக ஏற்றியிருந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். அந்த வரிசையில் காத்துக் கிடக்கிற நேரத்தில் யாரோ தூக்கிப் போட்ட ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு லினக்ஸ் கற்றான். முதுகு போய் ஓய்வு வாங்கியபோது லாரி போய்விட்டது, எடைப் பைத்தியம் மட்டும் கூடவே வந்துவிட்டது. ஒரு கணினியில் தேவையில்லாத நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் அவனுக்கு முதுகு வலிக்கும். அவனுடைய சொந்த மடிக்கணினியில் படம் கிடையாது, சத்தம் கிடையாது, சுட்டி கூடக் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும். "இதுல என்னடா பாக்குற?" என்று ஒருமுறை கேட்டேன். "வானிலை" என்றான். ஜன்னல் அவனுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

இருமல் மிட்டாய் டப்பா ஒன்று வைத்திருப்பான். திறந்தால் தார் வாசனை குப்பென்று அடிக்கும். உள்ளே மூன்று பென் டிரைவ். ஒவ்வொன்றிலும் ஒரு லினக்ஸ் இயங்குதளம், ஒவ்வொன்றுக்கும் அவனே வைத்த பெயர். மிக லேசானது உதைசறுக்கு, பனியில் காலால் உதைத்துத் தள்ளிக்கொண்டு போகும் வண்டியின் பெயர். நடுவில் இருப்பது மொபெட். கனமானது வேன். வேனை அவன் வெளியே எடுத்து நான் பார்த்ததில்லை. பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்து வைத்தால் திறந்து பார்ப்பான், நினைவகம் எவ்வளவு என்று பார்ப்பான், மோவாயைத் தடவுவான், பெரும்பாலும் உதைசறுக்கைச் செருகுவான். மறுவாரம் வந்தால் கணினி கண்ணிமைப்பதற்குள் திறக்கும். ஊரே மெச்சிக்கொண்டது.

அவன் வேலை செய்கிற முறையில் எனக்கு ஒரு மரியாதையும் இருந்தது, ஓர் எரிச்சலும் இருந்தது. கடவுச்சொல் அடிக்க வேண்டும் என்றால் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வான். கோப்புகளை வேறு வட்டில் நகலெடுக்கும்போது அவற்றின் பெயரைக்கூடப் படிக்காமல் இருப்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவான். வேலை முடிந்ததும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் நகத்தளவு கிழித்து, திரைக்கு மேலே இருக்கும் கேமராவின்மேல் ஒட்டுவான், எவனும் அந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்று. எல்லாம் சரிதான். ஆனால் இந்தக் கணினியை வைத்து நீ என்ன செய்கிறாய் என்று மட்டும் ஒருவரையும் கேட்க மாட்டான். அது அடுத்தவர் வீட்டு அலமாரியைத் திறப்பது மாதிரி அவனுக்கு. எந்த இயங்குதளம் பொருத்தம் என்று தீர்மானிக்க முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான் என்பது எனக்கே தெரியும். எனக்குக் கணினியில் தெரிந்தது புத்தகத்தை இரவல் பதிவதும் சீட்டாட்டமும்.

இர்யா வந்தது ஜனவரியில், நல்ல பனி. ஏரிக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிறவள், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உதைசறுக்கு வண்டியில்தான் வந்தாள். அதன் முன் இருக்கையில் மற்ற பெண்கள் மளிகைப் பையை வைப்பார்கள், இவள் மடிக்கணினியைக் கம்பளியில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். பின்பலகையில் நின்று ஒரு காலால் உதைத்து உதைத்து ஏரிக்கரை முழுவதும் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள், இடுப்பு வலியோடு.

"இதைத் தட்டிவிட்டுட்டு மாவு பிசைஞ்சா, திறக்கறதுக்குள்ள பன்னு வெந்துடுது" என்றாள்.

வெய்யோ திறந்து பார்த்தான். மோவாயைத் தடவினான். "ரெண்டு ஜிபி."

"நல்லதா?"

"இல்ல."

"ஓ."

"பழைய விண்டோஸுக்கு இனிமே பாதுகாப்பு எதுவும் வராது. புதுசு இதுல ஏறாது. லினக்ஸ் போடலாம்."

"எது லேசோ அதைப் போடு."

முடிந்தது. இருவருக்கும் திருப்தி. எனக்குத்தான் பொறுக்கவில்லை. புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தேன். "இர்யா, அதுல நீ என்ன பண்றன்னு அவன்கிட்டச் சொல்லேன்!"

இர்யாவுக்குக் காது வரை சிவந்துவிட்டது. "சும்மா... அப்பப்போ" என்றாள். வெய்யோ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் என்னமோ அவளுடைய உள்பாவாடையின் அளவைக் கேட்டுவிட்டது போல. "சினிக்கா, உனக்கு வேலை இல்லியா?" என்றான். என் மேலதிகாரி கூட என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

அடுத்த வியாழன் இர்யா வந்து மடிக்கணினியை வாங்கிக்கொண்டாள். தட்டினாள், உடனே திறந்தது. "அம்மாடி" என்றாள். ஏலக்காய் பன் ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தாள், அதை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். வெய்யோ எனக்கு ஒரு பன் கொடுத்தான். நான் கேள்வி கேட்டதை மன்னித்துவிட்டான் என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு இர்யா நூலகத்துக்கு வந்தபோதெல்லாம் வெய்யோ தலையை ஆட்டுவான், அவளும் ஆட்டுவாள். "வேகமா இருக்கா?" என்பான். "வேகமா இருக்கு" என்பாள். பனி உருகத் தொடங்கிய சமயம் ஒருநாள் அவள் நேராக என் மேசைக்கு வந்தாள். சுவீடனுக்குப் போகிற கப்பல் நேரம் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். கயானியிலிருந்து துர்க்குவுக்கு ரயில், துர்க்குவிலிருந்து கப்பல், அங்கிருந்து வெஸ்டெரோஸுக்கு மறுபடி ரயில். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபடி இவ்வளவையும் சொன்னாள். பக்கத்துப் பெரிய ஊரான ஔலுவைத் தாண்டி அவள் எங்கும் போனதே இல்லை.

"சுவீடனுக்கா? நீயா? எதுக்கு?"

"காப்பி குடிக்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னால் இருக்கும் எங்கள் காப்பி அறைக்குப் போய் உட்காரவைத்தேன். விஷயத்தை வாங்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

அவளுக்கு லெம்பி என்று ஓர் அக்கா. இருபது வயதில் தொழிற்சாலை வேலைக்கு வெஸ்டெரோஸ் போனவள், அங்கேயே கல்யாணம், அங்கேயே எல்லாம். ஐம்பது வருஷம் சுவீடிஷில் வாழ்ந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்தபின் மறதி நோய் வந்தது. முதலில் தெருப் பெயர்கள் போயின, அப்புறம் ஒருநாள் சுவீடிஷே மொத்தமாகப் போய்விட்டது. பிறந்த வீட்டுப் பேச்சு மட்டும் கொஞ்சம் மிச்சம். அவள் இருக்கும் பராமரிப்பு இல்லத்தில் அந்தப் பேச்சு தெரிந்தவர் எவரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் அங்கே ஒரு நர்ஸ் லெம்பியின் முன்னால் ஒரு டேப்லெட்டைத் தூக்கி நிறுத்துவாள். இங்கே இர்யா மடிக்கணினியைத் திறப்பாள். இரண்டு பேரும் காப்பி குடிப்பார்கள்.

"என்ன பேசுவீங்க?"

"ஒண்ணும் பேச மாட்டோம். காப்பி குடிப்போம்."

"அதுக்கு அந்த லேப்டாப்பு வேணுமா? ஃபோன் பண்ண வேண்டியதுதானே?"

"பண்ணேன். ஃபோன்ல சும்மா இருந்தா லைன் போயிடுச்சுன்னு நர்ஸு வெச்சிடறா."

"சும்மா இருக்காம எதாவது பேச வேண்டியதுதானே!"

"என்னத்தப் பேச?" என்று கேட்டாள் இர்யா. குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் அவளுக்கு ஒரு கோப்பை காப்பி ஊற்றினேன்.

இப்போது மடிக்கணினியில் லெம்பியின் படம் வருவதில்லை. லேசான இயங்குதளத்தில் இணையம் பார்க்க ஒரு சின்ன நிரல்தான் இருந்தது. அதற்குக் கேமரா என்றால் என்னவென்றே தெரியாது, சத்தமும் வராது. தெரிந்தாலும் கேமராவின் மேல் டேப். ஜனவரியிலிருந்து ஒரு ஞாயிறு கூட இல்லை. முந்தைய நாள் நர்ஸ் அவளை ஃபோனில் கூப்பிட்டிருக்கிறாள். அந்த நர்ஸுக்கு நம் பேச்சில் தெரிந்தது இரண்டே வார்த்தை. காப்பி, இல்லை. அதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். காப்பி இல்லை. லெம்பி, காப்பி இல்லை. கூப்பிட்டது ஞாயிறும் இல்லை, அதனால் எந்த நாளும் லெம்பி இப்போது கோப்பையைத் தொடுவதில்லை என்று இர்யா புரிந்துகொண்டாள்.

"இதை ஏன்டி வெய்யோகிட்டச் சொல்லல? தினம் வேகமா இருக்கு வேகமா இருக்குன்னு தலையை ஆட்டினியே?"

"வேகமாத்தான இருக்கு. அவ்வளவு நேரம் உக்காந்து பண்ணிக் குடுத்தான், சும்மா. போய்க் குறை சொல்லச் சொல்றியா?" கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவ என்னை மறந்துடுவா, சினிக்கா. கோப்பையே மறந்துபோச்சுன்னா அப்புறம் எதைப் புடிச்சு என்னை ஞாபகம் வெச்சுக்குவா?"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அவள்மேல் பாதி, அவன்மேல் முக்கால். நூலகத்தைச் சக ஊழியரிடம் விட்டுவிட்டு நேராகக் காரை எடுத்துக்கொண்டு வெய்யோ வீட்டுக்குப் போனேன். கொட்டகையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், சத்தமாகத்தான் சொன்னேன். அவன் கையில் இருந்த விறகைக் கீழே வைக்கவும் இல்லை, அடுக்கவும் இல்லை.

"அவ சொல்லல" என்றான்.

"நீ கேட்டியா?"

"அது அவளோட லேப்டாப்பு."

"மார்கெட்டா பெட்டியைத் தூக்கிட்டு ஔலுவுக்குப் போனாளே, அப்பவும் நீ ஏன்னு கேக்கல. லேசா இருக்கணும், லேசா இருக்கணும்னு எல்லாத்தையும் கழட்டிப் போட்டியே, எதைக் கழட்டுறோம்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வாயைத் திறந்து கேட்டா என்ன கொறஞ்சு போயிடுவ?"

மார்கெட்டா அவனுடைய மனைவி. சண்டை இல்லை, சச்சரவு இல்லை, ஓர் இலையுதிர் காலத்தில் போய்விட்டாள். அதை நான் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொன்னது சொன்னதுதான். அவன் முகம் ஒன்றும் மாறவில்லை.

"போகணும்னு தோணியிருக்கும்" என்றான். விறகை வைத்தான். உள்ளே போனான். திரும்பி வந்தபோது ஒரு கையில் மிட்டாய் டப்பா, இன்னொரு கையில் திரை உடைந்த வேறொரு மடிக்கணினி. படியில் உட்கார்ந்து அதன் அடிமூடியைத் திருகித் திறந்து, நினைவகத் தகட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று என்னைக் கேட்டான்.

"என்னை ஏன் கேக்கற? அவகிட்டப் போய்க் கேளு."

ஞாயிறு காலை நானே அவனைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். தனியாக விட்டால் போவான், வேலையை முடிப்பான், வாயைத் திறக்காமல் வந்துவிடுவான் என்று எனக்குப் பயம். ஏரியைச் சுற்றிப் போய்ச் சேர்கிற வரை மிட்டாய் டப்பாவை மடியில் வைத்துப் பிடித்திருந்தான். இர்யா வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றினான், கால் உறையில் ஓட்டை இருந்தது. சமையலறை மேசையில் உட்கார்ந்தான். கூடுதல் நினைவகத் தகட்டை அவள் மடிக்கணினியில் பொருத்தினான். மூடியைத் திருகினான். டப்பாவைத் திறந்தான். மூன்று பென் டிரைவையும் மேசையில் வரிசையாக வைத்தான். பிறகு ஒன்றையும் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இர்யா."

"ம்."

"நீ இதுல..." நிறுத்திவிட்டான். காது மடல் சிவந்துவிட்டது. அடுப்பைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கப் போனேன், கடவுள் காப்பாற்றினார், மூடிக்கொண்டேன். "நீ இதுல என்ன பண்ணுவ?"

இர்யா சொன்னாள். என்னிடம் சொல்ல ஒரு பகல் எடுத்துக்கொண்டவள், அவனிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அக்காவைப் பார்ப்பேன். காப்பி குடிப்போம். அவள் கையைப் பார்க்க வேண்டும், நடுங்குகிறதா என்று. நான் ஊற்றுவதை அவள் பார்க்க வேண்டும், அப்போதுதான் குடிப்பாள்.

முதல் கேள்வி வெளியே வந்தபின் மற்றவை தானாக வந்தன. "படம் பெருசா வேணுமா?" பெருசா. "சத்தம்?" கொஞ்சமா, கோப்பை வைக்கற சத்தம் கேட்டாப் போதும். "வேற எதாவது வேணுமா?" இல்ல. "திறந்ததும் அதுவே வரணுமா?" அப்படி வருமா என்ன?

"வரும்" என்றான் வெய்யோ. வேனைச் செருகினான்.

வேன் ஏற நேரம் பிடித்தது. திரையில் பட்டை நகர்வதை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். உதைசறுக்கைப்போலக் கண்ணிமைப்பதற்குள் திறக்கவில்லை, ஆனால் பன் வேகிற அளவுக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. திரையின் நடுவில் ஒரே ஒரு காப்பிக் கோப்பைப் படம் வைத்தான். அதைத் தட்டினால் வெஸ்டெரோஸ். கடைசியில் நகத்தை வைத்துக் கேமராவின் மேலிருந்த டேப்பைச் சுரண்டி எடுத்தான். பசை போகவில்லை. சட்டைக் கை நுனியை எச்சிலில் நனைத்துத் துடைத்தான், இர்யாவின் முகத்தைப் பார்க்காமல்.

மதியம் இர்யா கோப்பைப் படத்தைத் தட்டினாள். வெள்ளைச் சட்டை போட்ட நர்ஸ் ஒருத்தி தெரிந்தாள், இர்யாவைப் பார்த்ததும் ஏதோ சுவீடிஷில் கத்தினாள், டேப்லெட்டைத் திருப்பினாள். லெம்பி உட்கார்ந்திருந்தாள். முடி வாரிவிட்டிருந்தது, முகம் ரொம்ப மெலிந்திருந்தது. எதிரே கோப்பை. அவள் திரையைப் பார்க்கவில்லை, திரைக்குப் பக்கத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் அவள் தோளைத் தொட்டாள். அப்போதும் பார்க்கவில்லை.

நானாயிருந்தால் கூப்பிட்டிருப்பேன், கையை ஆட்டியிருப்பேன். இர்யா எதுவும் செய்யவில்லை. அடுப்பிலிருந்து காப்பிக் கெட்டிலை எடுத்து வந்தாள். கேமராவுக்கு நேராகக் கோப்பையை வைத்து ஊற்றினாள். மெதுவாக ஊற்றினாள். கோப்பையைத் தட்டில் வைத்தாள், அந்தச் சத்தம் கேட்டது. உட்கார்ந்தாள்.

லெம்பி தலையைத் திருப்பினாள். வெகுநேரம் பார்த்தாள். அவள் கை மேசைமேல் ஊர்ந்து கோப்பையிடம் போய் நின்றது. வெய்யோ எழுந்துவிட்டான். இது தன் கண்ணில் படக் கூடாத காட்சி என்று நினைத்து, ஓட்டைக் கால் உறையோடு கதவுப் பக்கம் நகர்ந்தான். நகர்ந்தபோது கேமராவின் பார்வையில் பட்டுவிட்டான்.

"யாரு அது?" என்றாள் லெம்பி. குரல் கரகரவென்று இருந்தது, நாள்கணக்கில் பேசாத குரல்.

"வெய்யோ. லேப்டாப்பு ரிப்பேர் பண்ண வந்தான்."

லெம்பி யோசித்தாள். "ரொம்பப் பேசுவானா?"

"பேச மாட்டான்."

"அப்போ உக்காரச் சொல்லு."

வெய்யோ என்னைப் பார்த்தான். நான் நாற்காலியைத் தள்ளினேன். மேசைக்கு வந்து, கேமராவில் தெரிகிற மாதிரி உட்கார்ந்தான், கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு. இர்யா அவனுக்கும் ஒரு கோப்பை ஊற்றினாள். லெம்பி அவன் கோப்பையை எடுக்கிறானா என்று பார்த்தாள். அவன் எடுத்தான். அவளும் எடுத்தாள், இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். பின்னால் நின்ற நர்ஸ் முகத்தை மூடிக்கொண்டாள்.

எனக்கு அப்போது சொல்ல எவ்வளவோ இருந்தது. நானும் ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டு, கேமராவில் படாத மூலையில் நின்று, வாயை மூடிக்கொண்டு குடித்தேன்.